தொண்டைப் புற்றுநோயில் எந்த ஸ்கேன் எதைச் சொல்லும்?

தொண்டையில் புற்றுநோய் இருக்கலாம் என்று மருத்துவர் ஐயப்பட்ட நாளிலிருந்தே வீட்டில் ஸ்கேன்களைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது. சி.டி. எடுத்தாயிற்றே, எம்.ஆர்.ஐ. எதற்கு என்று ஒருவர் கேட்பார். பெட் ஸ்கேன்தான் எல்லாவற்றிலும் பெரியது, நேரே அதையே எடுத்துவிடலாமே என்பார் இன்னொருவர். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள், இனிக் கவலை இல்லை என்று மூன்றாமவர் ஆறுதல் சொல்வார். எல்லாமே அக்கறையில் பிறந்த பேச்சுதான். ஆயினும் மூன்றிலும் பிழை இருக்கிறது; மூன்றாவது பிழை ஆபத்தானதும்கூட.

இந்தப் பிழைகளுக்கு வேர் ஒன்றுதான். ஒரே காட்சியைச் சற்று மங்கலாகவோ சற்றுத் தெளிவாகவோ எடுக்கும் கேமராக்களைப் போல இந்தக் கருவிகளை நினைத்துக்கொள்கிறோம். அப்படி நினைத்தால், இருப்பதிலேயே தெளிவான கேமரா ஒன்று போதும் என்றுதான் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு கருவியும் உடலில் வெவ்வேறு பண்பை அளக்கிறது. எதை அளக்கிறது என்று தெரிந்துவிட்டால், எதை அதனால் பார்க்க முடியாது என்பதும் தானே விளங்கிவிடும்.

## தொண்டை என்பது ஒரே இடம் அன்று

பேச்சு வழக்கில் தொண்டை என்று நாம் சொல்வது மருத்துவத்தில் இரண்டு உறுப்புகளைக் குறிக்கிறது. மூக்கின் பின்புறத்திலிருந்து உணவுக்குழாயின் தொடக்கம் வரை இறங்கும் தசைக்குழாய் ஒன்று; அதை இங்கே தொண்டைக்குழாய் என்போம். மூக்குக்குப் பின்னால் உள்ள மேல்பகுதி, டான்சில்களும் நாக்கின் அடிப்பகுதியும் அடங்கிய நடுப்பகுதி, குரல்வளைக்குப் பின்னும் பக்கவாட்டிலும் உள்ள கீழ்ப்பகுதி என்று அதற்கு மூன்று நிலைகள் உண்டு. மற்றொன்று, குரல்நாண்களைத் தாங்கி நிற்கும் குரல்வளை. கழுத்தின் முன்புறம் இருக்கும் தைராய்டு சுரப்பியில் வரும் புற்றுநோய் வேறு வகை நோய். அதைத் தொண்டைப் புற்றுநோயோடு சேர்த்துப் பேசுவதில்லை.

இவ்விரு உறுப்புகளிலும் வரும் புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவை உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வில்தான் தொடங்குகின்றன. முதலில் மேற்பரப்பில் இருக்கும்; பிறகு அடியில் உள்ள தசைக்கும் குருத்தெலும்புக்கும் இறங்கும்; கழுத்தின் நிணநீர்க் கணுக்களுக்குச் செல்லும்; சிலருக்கு நுரையீரல் போன்ற தொலைவான உறுப்புகளையும் எட்டும். நிணநீர்க் கணு என்பது உடலின் திரவத்தை வடிகட்டும் சிறு உருண்டை. வீங்கிக் கைக்குத் தட்டுப்படும்போது அதைத்தான் நெறிக்கட்டி என்கிறோம்.

ஆகவே மருத்துவருக்குத் தெரிய வேண்டியவை மூன்று: முதற்கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, கழுத்துக் கணுக்களில் நோய் இருக்கிறதா, கழுத்தைத் தாண்டி எங்காவது போயிருக்கிறதா. இந்த மூன்றுக்கும் ஒரே கருவி ஒரே தரத்தில் விடை தருவதில்லை.

## சுவரில் ஊறிய ஈரம்

ஒரு வீட்டுச் சுவரில் ஈரக்கறை தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அறைக்குள் விளக்கைப் பிடித்துப் பார்த்தால் கறையின் நிறமும் அகலமும் தெரியும், ஆழம் தெரியாது. விரலால் தட்டிப் பார்த்தால் எங்கே காரை விட்டுப்போயிருக்கிறது என்று ஒலியில் தெரியும். சுவரை அடுக்கடுக்காக வெட்டிப் பார்க்க முடிந்தால் எந்தச் செங்கல் உடைந்திருக்கிறது என்று தெரியும். ஈரத்தை மட்டும் அளக்கும் கருவி இருந்தால், செங்கல் உடையாமலே உள்ளுக்குள் நீர் எவ்வளவு தூரம் ஊறியிருக்கிறது என்பது தெரியும். வீட்டில் எந்த அறையில் மின்சாரம் அளவுக்கு மிஞ்சிச் செலவாகிறது என்று பார்த்தாலோ, சுவரைத் தொடாமலே, யாரும் எட்டிப் பாராத ஒரு மூலையில் ஏதோ ஓயாமல் ஓடிக்கொண்டிருப்பது புலப்படும்.

விளக்கைப் பிடித்துப் பார்ப்பது எண்டோஸ்கோபி. தட்டிக் கேட்பது அல்ட்ராசவுண்ட். அடுக்கடுக்காக வெட்டிப் பார்ப்பது சி.டி. ஈரத்தை அளப்பது எம்.ஆர்.ஐ. மின்செலவைப் பார்ப்பது பெட் ஸ்கேன். ஒப்புமை என்பதால் எல்லா இடத்திலும் பொருந்தாது, ஆனால் எம்.ஆர்.ஐ.க்கும் பெட் ஸ்கேனுக்கும் அது வியக்கத்தக்க அளவு பொருந்துவதைப் பின்னால் காணலாம்.

## ஸ்கேனுக்கு முன்னால் கண்

எண்டோஸ்கோபி என்பது முனையில் கேமரா பொருத்திய மெல்லிய குழாயை மூக்கின் வழியாகவோ வாயின் வழியாகவோ செலுத்தித் தொண்டையின் உட்பரப்பை நேரடியாகப் பார்க்கும் முறை. குரல்நாணின் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிப்பில் வெண்படலமாக இருக்கும் தொடக்கநிலைப் புற்றுநோயை இது காட்டிவிடும். மிக விலை உயர்ந்த ஸ்கேன்கூட அதைத் தவறவிடலாம். குரல்நாண் அசைகிறதா, இறுகி நின்றுவிட்டதா என்பதையும் மருத்துவர் இதில் கண்ணாரப் பார்க்கிறார். குரல் கம்மல் மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் ஒருவர், ஸ்கேன் சரியாக இருக்கிறது என்று சொல்லி எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

புற்றுநோய்தான் என்று உறுதி செய்வதும் ஸ்கேன் அன்று. அதற்குப் பயாப்ஸி வேண்டும். அதாவது, ஐயத்துக்குரிய இடத்திலிருந்து சிறு திசுத் துண்டை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை. இங்கே பலரும் அறியாத ஒரு வரிசைமுறை இருக்கிறது. திசு எடுத்த இடம் சில நாள்களுக்கு வீங்கியும் இரத்தம் கட்டியும் இருக்கும். ஸ்கேனில் அந்த வீக்கம் கட்டியின் ஒரு பகுதியைப் போலவே தோன்றும். எனவே, காத்திருப்பதால் கேடு இல்லாத நிலையில், ஸ்கேனை முதலில் எடுத்துவிட்டுப் பிறகு பயாப்ஸி செய்வதையே பல மருத்துவர்கள் விரும்புகிறார்கள்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: மேற்பரப்பைக் காட்டுவது எண்டோஸ்கோபி, உறுதி செய்வது பயாப்ஸி. ஆழத்தையும் பரவலையும் சொல்வதே ஸ்கேன்களின் வேலை.

## சி.டி.: அடர்த்தியின் படம்

எக்ஸ்-ரே கதிர் எலும்பில் அதிகம் தடைபடும், காற்றில் தடையின்றிப் போகும். சாதாரண எக்ஸ்-ரே படத்தில் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடும். சி.டி. கருவியில் கதிர்க்குழாய் உடலைச் சுற்றிச் சுழன்று பல கோணங்களிலிருந்து அளவெடுக்கிறது. கணினி அவற்றைச் சேர்த்து உடலின் குறுக்கு வெட்டுப் படங்களாக்குகிறது. 1971-இல் லண்டனில் முதல் நோயாளிக்கு இவ்வாறு படம் எடுக்கப்பட்டது. இந்தக் கருவியை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டும், அதற்கான கணிதத்தைத் தனியே வகுத்த ஆலன் கார்மாக்கும் 1979-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அடர்த்தியைக் குறிக்கும் அளவுக்கு இன்றும் ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரே வழங்குகிறது: தண்ணீர் 0, காற்று -1000, எலும்பு சில நூறுகளிலிருந்து ஆயிரத்துக்கும் மேல்.

இதிலிருந்தே சி.டி.யின் பலமும் பலவீனமும் விளங்கும். எலும்பையும் காற்றையும் அது துல்லியமாகப் பிரிக்கும். ஆனால் தசைக்கும் கட்டிக்கும் அடர்த்தியில் பெரிய வேறுபாடு இல்லை. அதனால்தான் அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தை இரத்தக் குழாயில் செலுத்துகிறார்கள். இரத்த ஓட்டம் மிகுந்த கட்டி அந்த மருந்தை அதிகம் வாங்கிப் பிரகாசமாகத் தெரியும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் அயோடின் மருந்துக்கு ஒவ்வாமை உள்ளவர்களும் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சி.டி.யின் இன்னொரு பெரும் வலிமை வேகம். கழுத்து முழுவதையும் சில நொடிகளில் எடுத்துவிடும். தொண்டை ஓயாமல் அசையும் உறுப்பு. விழுங்குகிறோம், இருமுகிறோம், மூச்சு விடுகிறோம். கட்டி இருப்பதால் மூச்சுத் திணறுபவரை நெடுநேரம் மல்லாந்து படுக்க வைக்கவும் முடியாது. வேகம் இருப்பதால் சில உத்திகளும் சாத்தியமாகின்றன. குரல்வளைக்கு இருபுறமும் உள்ள பள்ளங்கள் இயல்பில் சுவரோடு சுவர் ஒட்டி மூடியிருக்கும். அங்கே ஒளிந்திருக்கும் கட்டி தெரியாது. உதடுகளை இறுக மூடிக் கன்னத்தை ஊதச் சொல்லி அந்தச் சில நொடிகளுக்குள் படமெடுத்தால், காற்றழுத்தத்தில் பள்ளங்கள் விரிந்து கொடுக்கும், கட்டி எந்தச் சுவரிலிருந்து கிளம்புகிறது என்று தெரிந்துவிடும்.

குறைகளும் உண்டு. பல்லை அடைத்த உலோகமும் உலோகப் பல்லுறையும் படத்தில் வெள்ளைக் கீற்றுகளை வீசி, சரியாக டான்சிலும் நாக்கின் அடியும் இருக்கும் மட்டத்தை மறைத்துவிடும். கதிர்வீச்சும் இருக்கிறது: கழுத்து சி.டி. ஒன்றில் ஏறத்தாழ 3 மில்லிசீவெர்ட். இயற்கையிலிருந்தே ஒருவர் ஓர் ஆண்டில் பெறும் உலகச் சராசரி 2.4 மில்லிசீவெர்ட். புற்றுநோயின் நிலையை அறிய வேண்டிய ஒருவர் இந்த அளவைக் கண்டு அஞ்சிச் சோதனையைத் தவிர்ப்பதற்கு நியாயம் இல்லை.

## எம்.ஆர்.ஐ.: நீரின் படம்

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்-ரே கிடையாது. வலிமையான காந்தத்துக்குள் உடலை வைத்து, ரேடியோ அலையால் ஹைட்ரஜன் அணுக்கருக்களைச் சற்றே தட்டிவிட்டு, அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது வெளிவிடும் குறிப்பலையைக் கேட்கிறார்கள். உடலின் ஹைட்ரஜனில் பெரும்பகுதி நீரிலும் கொழுப்பிலும் இருக்கிறது. ஆக, இந்தக் கருவி காண்பது நீரையும் கொழுப்பையும், அவை ஒவ்வொரு திசுவிலும் எப்படிக் கட்டுண்டு கிடக்கின்றன என்பதையும்தான். வழக்கமான 1.5 டெஸ்லா கருவியின் காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களையும் உடலில் உலோகத் துணுக்கு உள்ளவர்களையும் முன்கூட்டியே விசாரிப்பது அதனால்தான்.

சி.டி.யில் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும் தசையும் கட்டியும் எம்.ஆர்.ஐ.யில் தனித்தனியே பிரியும். நாக்கின் அடியிலிருந்து கட்டி எவ்வளவு தூரம் தசைக்குள் போயிருக்கிறது, ஒரு நரம்பின் வழியாக மண்டையோட்டின் அடித்தளம் வரை ஊர்ந்திருக்கிறதா, எலும்பின் ஓடு உடையாமலே உள்ளே மஜ்ஜைக்குள் ஊறிவிட்டதா என்ற கேள்விகளுக்கு இதுவே சிறந்த விடை தருகிறது. மூக்குக்குப் பின்னால் உள்ள தொண்டைப் பகுதியின் புற்றுநோயில் எம்.ஆர்.ஐ. முதன்மை பெறுவது இதனால்தான். அங்கே நோய் மண்டையோட்டின் அடியை எளிதில் தொட்டுவிடும்.

ஆனால் இதற்கு அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். ஒவ்வொரு தொகுதிப் படத்துக்கும் சில நிமிடங்கள் அசையாமல் கிடக்க வேண்டும். அதற்குள் நாலு தடவை விழுங்கினால் குரல்வளைப் படம் கலங்கிவிடும். எச்சிலை அடக்க முடியாத நோயாளிக்கு இது மெய்யாகவே துன்பமான சோதனை. படம் தெளிவாக வரவில்லை என்றால் அவர் ஒத்துழைக்கவில்லை என்று குறைகூறுவது அநியாயம்.

## இரண்டும் மோதும் இடம்: குருத்தெலும்பு

எது சிறந்தது, சி.டி.யா எம்.ஆர்.ஐ.யா என்ற கேள்வி மிகக் கூர்மையாக எழும் இடம் குரல்வளைக் குருத்தெலும்பு. ஆண்களின் கழுத்தில் முன்னால் புடைத்துத் தெரிகிறதே, அந்தக் கேடயம் போன்ற குருத்தெலும்பைத்தான் சொல்கிறேன். அதன் தடிப்பு சில மில்லிமீட்டர்களே. கட்டி அதன் உட்புற ஓட்டினை மட்டும் அரித்திருந்தால் நோய் மூன்றாம் படிநிலைக் கட்டியாகக் கருதப்படும். துளைத்துக்கொண்டு வெளிப்புறத்தையும் தாண்டியிருந்தால் நான்காம் படிநிலை. முன்னதில் மருந்தும் கதிர்வீச்சும் கொடுத்துக் குரல்வளையைக் காப்பாற்ற முயலலாம். பின்னதில் குரல்வளை முழுவதையும் அகற்றும் அறுவை சிகிச்சையே பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகிறது. ஒரு மனிதர் தம் இயல்பான குரலில் இனிப் பேசுவாரா என்பது இந்தச் சில மில்லிமீட்டர்களில் தங்கியிருக்கிறது.

இதில் சிக்கல் என்னவென்றால், இந்தக் குருத்தெலும்பு வயது ஆக ஆக ஒழுங்கில்லாமல் எலும்பாக மாறுகிறது: இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் ஒரு மாதிரி. எலும்பாக மாறாத பகுதிக்கும் கட்டிக்கும் சி.டி.யில் ஏறத்தாழ ஒரே அடர்த்தி. கட்டி அரித்த இடமா, இயல்பிலேயே எலும்பாகாத இடமா என்று சொல்வது அனுபவசாலிக்கும் கடினம். எம்.ஆர்.ஐ. இங்கே நுட்பமாக உணர்ந்துவிடும். ஆனால் அளவுக்கு மீறியும் உணரும். கட்டிக்குப் பக்கத்தில் வெறும் அழற்சியால் வீங்கி நீர் கோத்த குருத்தெலும்பும் புற்றுநோய் ஏறியதைப் போலவே அதில் தோன்றலாம். ஈரத்தை அளக்கும் கருவிக்கு மழைநீரும் குழாய்க் கசிவும் ஒன்றுதானே.

ஆகவே நடைமுறை இப்படி அமைகிறது. குருத்தெலும்பு சுத்தமாக இருக்கிறது என்று எம்.ஆர்.ஐ. சொன்னால் அதைப் பெரிதும் நம்பலாம். வெளிப்புறத் தசைக்குள் கட்டி வந்து நிற்பதை சி.டி. காட்டினால் அதையும் பெரிதும் நம்பலாம். இடைப்பட்ட நிலையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. சி.டி. எடுத்த பிறகும் எம்.ஆர்.ஐ. கேட்கப்படுவது பல வேளைகளில் இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

சுருக்கமாக: சி.டி. வேகமானது, எலும்பில் வல்லது, எம்.ஆர்.ஐ. மெதுவானது, மென்திசுவில் வல்லது. ஒன்றின் ஐயத்தை மற்றது தீர்க்கும்.

## கழுத்துக் கணுக்களும் அல்ட்ராசவுண்டும்

மனித உடலின் நிணநீர்க் கணுக்களில் ஏறத்தாழ 300 கழுத்திலேயே இருக்கின்றன. அவற்றில் எதில் நோய் புகுந்திருக்கிறது என்று அறிய சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் முக்கியமாக அளவையே நம்புகின்றன: பொதுவாகக் கணுவின் குறுகிய விட்டம் 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஐயம். ஆனால் சளி பிடித்தாலே கணு பெரிதாகும். 6 மில்லிமீட்டர் கணுவுக்குள்ளும் புற்றுச் செல்கள் இருக்கலாம். அளவு ஒரு குறிப்பு மட்டுமே, தீர்ப்பு ஆகாது.

அல்ட்ராசவுண்ட் காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பி எதிரொலியைப் படமாக்குகிறது. கதிர்வீச்சு இல்லை. கழுத்துக் கணுக்கள் தோலுக்குச் சற்றுக் கீழேயே இருப்பதால் அவற்றின் உள்ளமைப்பைக்கூட இது காட்டும். நலமான கணு அவரை விதையைப் போல நீண்டிருக்கும்; நடுவில் கொழுப்பு ஒரு வெண்கோடாகத் தெரியும்; இரத்தக் குழாய்கள் அந்த ஒரு வாசல் வழியாகவே உள்ளே போகும். புற்றுநோய் புகுந்த கணுவோ உருண்டுவிடும், வெண்கோடு மறையும், இரத்தக் குழாய்கள் ஓரங்களிலிருந்து நுழையும். ஐயம் வந்தால் திரையில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியைக் கணுவுக்குள் செலுத்திச் செல்களை உறிஞ்சி எடுத்துவிடலாம். மற்ற எந்த ஸ்கேனும் இவ்வளவு எளிதாகப் படத்திலிருந்து சான்றுக்குப் போவதில்லை. சிறிய கருவி என்று இதை இளக்காரமாக எண்ணுவோருக்கு நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதுவே.

ஒலி காற்றையும் எலும்பையும் தாண்டாது. அதனால் தொண்டைக்குழாய்க்குப் பின்னால் ஆழத்தில் உள்ள கணுக்களும், குரல்வளையின் உட்பகுதியில் பெரும்பங்கும் இதற்கு எட்டா.

## பெட்-சி.டி.: செலவின் படம்

புற்றுச் செல்கள் சர்க்கரையை அளவுக்கு அதிகமாகச் செலவழிப்பதை ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே கண்டறிந்தார். பெட் ஸ்கேன் அந்தப் பசியைப் பயன்படுத்துகிறது. குளுக்கோஸைப் போலவே இருக்கும் ஒரு பொருளில் கதிரியக்க ஃபுளோரினை ஒட்டி இரத்தக் குழாயில் செலுத்துகிறார்கள். செல் அதைச் சர்க்கரை என்று நம்பி உள்ளே இழுத்து முதல் படியைச் செரிக்கும். அடுத்த படிக்குப் போக முடியாமல் அது உள்ளேயே சிக்கிக்கொள்ளும். சிக்கிய இடத்திலிருந்து எதிரெதிர்த் திசையில் கிளம்பும் இரண்டு கதிர்களை, உடலைச் சுற்றியுள்ள கருவியின் வளையம் பிடித்து இடத்தைக் கணிக்கிறது. பெட் படம் இருட்டில் தெரியும் விளக்குகளைப் போன்றது. அது எந்தத் தெரு என்று சொல்ல வரைபடம் வேண்டும். கூடவே எடுக்கப்படும் சி.டி.தான் அந்த வரைபடம்.

அந்த ஃபுளோரினின் அரை ஆயுள் 110 நிமிடங்கள். ஊசி போட்ட பின் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நோயாளி அமைதியாகக் காத்திருக்க வேண்டும். அந்த அறையில் பேச வேண்டாம், எதையும் மெல்ல வேண்டாம் என்று சொல்வார்கள். கண்டிப்புக்காகச் சொல்வதன்று. பேசினால் குரல்நாண் தசைகள் உழைக்கும். உழைத்தால் சர்க்கரை வாங்கும். வாங்கினால் குரல்வளையே படத்தில் ஒளிரும். நாம் தேடும் நோய் இருக்கும் அதே இடம். ஒரு குரல்நாண் செயலிழந்துவிட்டால், நலமாக உள்ள மற்றது இரட்டிப்பாக உழைத்து ஒளிர்வதும், அதையே கட்டி என்று தவறாகக் கொள்வதும் அறியப்பட்ட பொறி. டான்சிலும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் இயல்பிலேயே ஒளிரும். புண்ணும் அழற்சியும் ஒளிரும். ஒளிர்வது எல்லாம் புற்றுநோய் அன்று.

மறுபக்கம், சில மில்லிமீட்டர் அளவே உள்ள நோய்த்திட்டு இதில் தெரியாமல் போகலாம். எச்.பி.வி. வைரஸ் தொடர்புடைய டான்சில் புற்றுநோயில் கணுக்கள் உள்ளே நீர்க்கட்டியாகிவிடுவது உண்டு. நீருக்குப் பசி இல்லை, ஆகவே ஒளிர்வும் குறையும். இரத்தச் சர்க்கரை மிகுந்திருந்தாலும் படம் மங்கும். வெறும் வயிற்றில் வரச் சொல்வது அதற்காகவே.

பெட்-சி.டி. உண்மையில் ஓங்கி நிற்பது மூன்றாவது கேள்வியில்: தொலைவுப் பரவல். நுரையீரல், எலும்பு, கல்லீரல் எல்லாவற்றையும் ஒரே அமர்வில் தேடிவிடும். நோய் மிகத் தொடக்க நிலையில் இருந்தால் இந்தத் தேடலில் கிடைப்பது குறைவு. கழுத்துக் கணுக்களில் ஏறிவிட்ட நோயில் பயன் மிகுதி. கழுத்துக் கணுவில் புற்றுநோய் உறுதியாகி, முதற்கட்டி எங்கே என்று எண்டோஸ்கோபியிலும் தெரியாதபோது, டான்சிலிலோ நாக்கின் அடியிலோ ஒளிந்திருப்பதைச் சுட்டிக்காட்ட இது உதவும். அந்த நிலையில் தொண்டையிலிருந்து பயாப்ஸி எடுப்பதற்கு முன்பே பெட்-சி.டி. எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஊறுபட்ட இடமே ஒளிர்ந்து குழப்பும்.

## சிகிச்சைக்குப் பிறகு ஏன் 12 வாரம்?

கதிர்வீச்சு முடிந்தவுடன் நோய் போய்விட்டதா என்று பார்க்கத் துடிப்பது இயல்பு. ஆனால் கதிர் பட்ட திசு பல வாரங்களுக்கு வெந்த புண்ணாக இருக்கும். சி.டி.யிலும் எம்.ஆர்.ஐ.யிலும் வீக்கமும் வடுவும் மிஞ்சிய கட்டியும் ஒன்றோடொன்று கலந்து தெரியும்; பெட்டிலோ ஆறும் புண்ணே ஒளிரும். 12 வாரங்கள் பொறுத்தால் அழற்சி பெரும்பாலும் தணிந்துவிடும். அப்போதும் ஒளிரும் இடம் ஐயத்துக்குரியது. ஒளிராத வடு பெரும்பாலும் வெறும் வடுதான்.

இந்தக் காத்திருப்பு வெறும் ஊகத்தின் மேல் நிற்பதன்று. மருந்தும் கதிரும் பெற்ற பின் கழுத்துக் கணுக்களை எல்லோருக்கும் முன்கூட்டியே அறுத்து அகற்றுவதா, 12 வாரத்தில் பெட்-சி.டி. எடுத்துத் தேவைப்பட்டவருக்கு மட்டும் அறுப்பதா என்ற கேள்வியை பிரிட்டனில் 564 நோயாளிகளிடம் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். முடிவுகள் 2016-இல் வெளியாயின. உயிர்வாழ்வில் இரண்டாம் குழு பின்தங்கவில்லை. கழுத்து அறுவைகளின் எண்ணிக்கையோ முதல் குழுவில் 221, பெட்-சி.டி. குழுவில் 54.

12 வார ஸ்கேனில் தெளிவில்லாத விடை வருவதும் உண்டு: கணு சுருங்கியிருக்கும், ஆனால் இலேசான ஒளிர்வு மிச்சமிருக்கும். அப்போது பெட் படத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. எண்டோஸ்கோபி மறுபடியும் செய்யப்படும். எட்டும் கணுவாக இருந்தால் அல்ட்ராசவுண்ட் பார்த்து ஊசி போடப்படும். சில வாரங்கள் கழித்து அதே ஸ்கேன் திரும்ப எடுக்கப்படலாம். அந்த நாள்களில் நோயாளியின் கையில் பழைய படங்களின் குறுந்தகடு இருப்பது பெரிய உதவி. புதிய படத்தில் தெரியும் 8 மில்லிமீட்டர் திட்டு வளர்ந்ததா தேய்ந்ததா என்பதைச் சொல்ல, அறிக்கைத் தாளால் ஆகாது, பழைய படமே வேண்டும்.